121 தோல்விகள்: வைட் சாக்ஸ் ரசிகர்களின் கோபம் யார் மீது?

கேள்வி: 2024ஆம் ஆண்டு சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி 121 ஆட்டங்களில் தோற்றது. அந்த சீசனின் கடைசி வாரத்தில் அணி முன்னிலை பெற்றபோது சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் சிலர் கேலிக் கூச்சல் எழுப்பியதாகப் படித்தேன். தோற்றால் திட்டுவது புரிகிறது, வென்றாலும் திட்டுவது என்ன நியாயம்? இவ்வளவு வெறுப்பு இருப்பவர்கள் பேசாமல் வேறு அணியை ஆதரிக்கலாமே?

பதில்:

அந்தக் கூச்சல் ஆட்டக்காரர்களுக்கு உரியதன்று. அணியின் உரிமையாளருக்கு உரியது. வைட் சாக்ஸ் ரசிகர்களின் 2024ஆம் ஆண்டுக் கோபத்தை மாதம் மாதமாகப் பின்தொடர்ந்தால் அது இடம்பெயர்ந்துகொண்டே போனது தெரியும். முதலில் நடுவர்மீதும் ஆட்டக்காரர்கள்மீதும் விழுந்தது, பிறகு களத்தில் அணியை நடத்தும் மேனேஜர்மீது, பிறகு ஆட்களைச் சேர்ப்பதும் விற்பதுமாக இருந்த பொது மேலாளர்மீது. செப்டம்பரில்தான் அது சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தது. அதற்குள் தோல்வி வெற்றி என்ற வேறுபாடே அவர்களுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு 121 என்ற எண்ணின் கனம் உடனே பிடிபடாது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகின் சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். ஏறத்தாழ ஆறு மாதம், அநேகமாக நாள்தோறும் ஆட்டம். எவ்வளவு மோசமான அணியும் 60 ஆட்டங்களில் வெல்லும், எவ்வளவு சிறந்த அணியும் 60 ஆட்டங்களில் தோற்கும், மீதமுள்ள நாற்பதுதான் சீசனைத் தீர்மானிக்கும் என்பது அந்த ஆட்டத்தில் நெடுநாளாகப் புழங்கும் பேச்சு. பந்து எங்கே விழும் என்பதில் தற்செயலுக்கு அவ்வளவு பங்கு இருப்பதால், கடைசி இடத்து அணியும் வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டங்களை வென்றுவிடும். வைட் சாக்ஸ் வென்றவை 41. அடித்த ரன்கள் 507, கொடுத்த ரன்கள் 813. 1900க்குப் பிறகான நவீன பேஸ்பாலில் ஒரே சீசனில் இத்தனை ஆட்டங்களை எந்த அணியும் இழந்ததில்லை. (விழுக்காட்டில் பார்த்தால் 36 வென்று 117 தோற்ற 1916ஆம் ஆண்டு பிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் இன்னும் கீழே இருக்கிறது. ஆனால் ரசிகர் விழுக்காட்டை எண்ணுவதில்லை, தோல்வியைத்தான் எண்ணுகிறார்.)

முந்தைய சாதனை 1962ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ஸ் அணிக்கு உரியது: 40 வெற்றி, 120 தோல்வி. இந்த இரண்டு அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தோல்விக் கணக்கில் ஒன்றுதான் வேறுபாடு. ரசிகர்களின் எதிர்வினையோ நேர்மாறானது. மெட்ஸ் ரசிகர்கள் தங்கள் அணியைக் கொண்டாடினார்கள். 1957 சீசனோடு டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் என்ற இரண்டு அணிகளும் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்துவிட, நான்கு ஆண்டுகளாக, மேஜர் லீகின் இரு கிளைகளில் ஒன்றான நேஷனல் லீகின் அணியே இல்லாமல் இருந்த நகரத்துக்கு வந்த புத்தம்புதிய அணி அது. மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களைக் கொண்டு கட்டப்பட்டது. எழுபது வயதைக் கடந்த கேசி ஸ்டெங்கல் அதன் மேனேஜராக இருந்துகொண்டு ஒவ்வொரு தோல்வியையும் நகைச்சுவையாக்கினார். அந்த அணி யாருக்கும் எதையும் வாக்களித்திருக்கவில்லை. ஆகவே யாரையும் ஏமாற்றவும் இல்லை. வைட் சாக்ஸ் நிலை அதுவன்று. அது 1901 முதல் இருந்துவரும் அணி, நாட்டின் மூன்றாவது பெரிய நகரத்தின் அணி. எல்லாவற்றுக்கும் மேலாக, அது தன் ரசிகர்களிடம் பல ஆண்டுப் பொறுமையை முன்கூட்டியே வாங்கிச் செலவழித்திருந்தது.

அந்தப் பொறுமையின் கதை 2016 டிசம்பரில் தொடங்குகிறது. அணியின் தலைசிறந்த பிட்சர் (பந்து வீசுபவர்) கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து, யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உள்ளிட்ட இளைஞர்களை வாங்கினார்கள். அடுத்த கோடையில் இன்னொரு நல்ல பிட்சரான ஹோசே கின்டானாவை, பரம எதிரியான அதே ஊர் கப்ஸ் அணிக்கே கொடுத்து, எலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் பெற்றார்கள். இன்றைய தேர்ந்த ஆட்டக்காரர்களை விற்று நாளைய அணியைக் கட்டுகிறோம், சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது ரசிகர்களிடம் சொல்லப்பட்ட செய்தி. ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். 2018இல் 100 ஆட்டங்களில் தோற்றபோதும் சிறுமட்ட லீகுகளில் யார் எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்து ஆறுதல் அடைந்தார்கள். 2020இல் பிளேஆஃப் எனும், பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்று வந்தது. 2021இல் 93 வெற்றிகளோடு பிரிவில் முதலிடம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் பிளேஆஃப் சென்றது அந்த அணியின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

அத்தோடு முடிந்தது. 2022இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023இல் 101 தோல்வி. காயங்களும் சரிந்த ஆட்டமும் காரணம் என்பது உண்மைதான். ஆனால் ரசிகர்கள் குறிப்பாக வயிறெரிவது 2020 அக்டோபரில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைப் பற்றி. துடிப்பான இளம் அணி ஒன்று கைக்கு வந்த நேரத்தில், 2011க்குப் பிறகு எந்த அணியையும் நடத்தியிராத 76 வயது டோனி லா ரூசாவை உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃப் மேனேஜராகக் கொண்டுவந்தார். லா ரூசா பெரிய மனிதர், பேஸ்பாலின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றவர்; அதில் ஐயமில்லை. ஆனால் 1986இல் அவரை வைட் சாக்ஸ் நீக்கியதை எண்ணி ரைன்ஸ்டார்ஃப் நெடுங்காலம் வருந்திவந்தார் என்பதும் ஊரறிந்த செய்தி. தன் பழைய மனக்குறையைத் தீர்த்துக்கொள்ள ஒரு தலைமுறை அணியைப் பணயம் வைத்துவிட்டார் என்பதே ரசிகர்களின் குற்றச்சாட்டு. முழுக்க நியாயமானது என்று சொல்லமாட்டேன், 2021இல் அந்த அணி லா ரூசாவின் கீழ்தானே 93 ஆட்டங்களை வென்றது. இருந்தாலும் அந்த நியமனம் நடந்த விதம் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது: இந்த அணியில் முக்கியமான முடிவு எங்கிருந்து வருகிறது என்பதை.

2023 ஆகஸ்டு 22 அன்று நெடுங்கால நிர்வாகிகளான கென்னி வில்லியம்ஸும் ரிக் ஹானும் நீக்கப்பட்டார்கள். ரசிகர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள்கூடத் தாங்கவில்லை. அதே நிறுவனத்தில் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த கிறிஸ் கெட்ஸ் பொது மேலாளராக உயர்த்தப்பட்டார். வெளியாள் எவரையும் நேர்காணல் செய்யவில்லை. புதியவர் ஒருவர் வந்தால் அணியைப் புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆகிவிடும், நமக்கு விரைவான முன்னேற்றம் வேண்டும் என்பது உரிமையாளர் தந்த விளக்கம். அடுத்த சீசன்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் சீசன்.

2024 தொடங்குவதற்கு இரண்டு வாரம் இருக்கையில் டிலன் சீஸ் சான் டியேகோவுக்கு விற்கப்பட்டார். முதல் 25 ஆட்டங்களில் மூன்று வெற்றி. மே மாதப் பிற்பகுதியில் தொடங்கி ஜூன் வரை 14 தொடர் தோல்விகள். அந்தத் தொடரின் தொடக்கத்தில், மே 23 அன்று பால்டிமோருக்கு எதிராக நடந்த ஆட்டத்தின் முடிவை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். அந்த ஆண்டின் சுபாவம் முழுவதும் அதில் இருக்கிறது.

ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. வைட் சாக்ஸ் 6, பால்டிமோர் 8. ஓர் அவுட் மட்டுமே ஆகியிருக்கிறது; ரன் எடுக்க வரிசையாகத் தொட்டுவர வேண்டிய பேஸ்களில் முதலாவதிலும் இரண்டாவதிலும் ஆள்கள் நிற்கிறார்கள். அதாவது ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் சமனாகிவிடும், ஹோம் ரன் என்றால் வெற்றி. ஆண்ட்ரூ பெனின்டெண்டி அடித்த பந்து உயரமாக எழும்பி உள்வட்டத்துக்குள்ளேயே இறங்குகிறது. இப்படிப்பட்ட எளிய பந்தை வேண்டுமென்றே தவறவிட்டு இரட்டை அவுட் எடுக்கும் தந்திரத்தைத் தடுக்க 'இன்ஃபீல்டு ஃப்ளை' என்றொரு விதி உண்டு. அதன்படி பந்து பிடிக்கப்பட்டாலும் விடப்பட்டாலும் அடித்தவர் அவுட். நடுவர் அதை அறிவித்துவிட்டார். இரண்டாவது பேஸில் இருந்த ஆண்ட்ரூ வான் பேஸுக்குத் திரும்பும்போது, பந்தைப் பார்த்தபடி வந்த பால்டிமோரின் உள்வட்டக் காவலர் கன்னர் ஹெண்டர்சனின் வழியில் நின்றுவிட்டார். ஹெண்டர்சன் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தைப் பிடித்தும்விட்டார். ஆனாலும் இடையூறு செய்ததாக வானும் அவுட் என்று நடுவர் கை காட்டினார். மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதே சிறிது நேரம் விளங்கவில்லை. அந்த இடத்தில் நடுவர் தம் விருப்பப்படி இடையூறு என்று அறிவிக்காமலும் இருந்திருக்கலாம் என்று லீக் தரப்பிலிருந்து அணிக்குச் சொல்லப்பட்டதாகப் பின்னர் செய்தி வந்தது. சொல்லி என்ன பயன்? அன்றிரவு ரசிகர்கள் நடுவரைத் திட்டித் தீர்த்தார்கள். இது எல்லா ஊரிலும் எல்லா ஆட்டத்திலும் ரசிகர் முதலில் கைவைக்கும் இடம், செலவில்லாத கோபம்.

ஜூலை 10 தொடங்கி ஆகஸ்டு 5 வரை தொடர்ச்சியாக 21 தோல்விகள். வைட் சாக்ஸ் ஆடும் மற்றொரு கிளையான அமெரிக்கன் லீகில் 1988ஆம் ஆண்டு பால்டிமோர் அணி ஏற்படுத்திய சாதனைக்குச் சமம் அது. ஆகஸ்டு 6 அன்று ஓக்லண்டில் 5க்கு 1 என்று வென்று அதை முடித்தார்கள். ஆகஸ்டு 8 அன்று மேனேஜர் பெத்ரோ கிரிஃபோலை நீக்கினார்கள். அவர் கணக்கில் 28 வெற்றி, 89 தோல்வி. இடைக்கால மேனேஜராக வந்த கிரேடி சைஸ்மோர் 13 வென்று 32 தோற்றார். அதுவரை கிரிஃபோலைத் தூக்கு என்று முழங்கியவர்கள் ஆள் மாறியும் அணி அதேபோல் தோற்பதைக் கண்டதும், கோபம் அடுத்த படிக்கு ஏறியது. ஆட்டக்காரர்களில் தேர்ந்தவர்கள் யார் என்று தேடிப் பார்த்தால் பாதிப் பேர் வேறு அணிச் சட்டையில் இருந்தார்கள். தொடர் தோல்வி நடந்துகொண்டிருந்த ஜூலை 25 அன்றுதான், மார்ச்சில் விற்கப்பட்ட சீஸ் சான் டியேகோவுக்காக ஒன்பது இன்னிங்ஸும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் வீசினார். நான்கு நாள் கழித்து எரிக் ஃபெடி, டாமி ஃபாம், கோபெக் மூவரும் ஒரே பரிமாற்றத்தில் போனார்கள்; கோபெக் அதே ஆண்டு டாட்ஜர்ஸோடு மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் பட்டம் பெற்றார். பந்துவீச்சாலேயே 209 முறை எதிரணியினரை அவுட் (ஸ்டிரைக் அவுட்) ஆக்கி, அணியில் பார்க்கத் தகுந்த ஒரே ஆளாக இருந்த காரெட் க்ரோஷே அந்த டிசம்பரில் பாஸ்டனுக்குப் போனார்.

இனி நீங்கள் கேட்ட அந்த இரவுக்கு வருவோம். செப்டம்பர் 22 அன்று சான் டியேகோவில் 120ஆவது தோல்வி. மெட்ஸ் சாதனை சமனாகிவிட்டது. ஊர் திரும்பி 24ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியுடன் ஆட்டம். வழக்கத்தைவிடக் கூட்டம். வந்தவர்களில் பலர் 121ஆவது தோல்வியைக் கண்ணால் பார்க்கவே வந்திருந்தார்கள். எட்டாவது இன்னிங்ஸில் வைட் சாக்ஸ் மூன்று ரன் அடித்து 3க்கு 2 என்று வென்றது. அப்போதுதான் சிலர் கூச்சலிட்டார்கள், 'அணியை விற்றுவிடு' என்ற கோஷம் எழுந்தது. அடுத்த இரண்டு நாளும் அணியே வென்றது. வரலாறு சொந்த மண்ணில் நிகழாமல் 27ஆம் தேதி டெட்ராய்ட்டில் நிகழ்ந்தது. அதே ஆட்டத்தின் வெற்றியால் டெட்ராய்ட் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்று மைதானத்திலேயே கொண்டாடியது.

தோல்வியைப் பார்க்க டிக்கெட் வாங்குவது வக்கிரமாகத் தோன்றலாம். அந்த ரசிகர்களின் கணக்கு வேறு. 119 என்றோ 120 என்றோ முடிந்தால் 'மோசமான ஆண்டு' என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். 121 என்றால் அது ஏட்டில் ஏறும், உரிமையாளரின் பெயரோடு சேர்ந்தே நிலைக்கும். அவர்கள் வேண்டியது ஆவணம்.

உரிமையாளர்மீது அவ்வளவு வன்மம் ஏன் என்றால், அவர்மீது கைவைக்க ரசிகர்களுக்கு வேறு வழியே இல்லை என்பதால். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடம் பிடிக்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். உரிமையாளரின் பையில் அடி விழும். அமெரிக்க மேஜர் லீக் மூடிய அமைப்பு. 121 ஆட்டங்களில் தோற்றாலும் அடுத்த ஆண்டு அதே இடம் உறுதி, தேசியத் தொலைக்காட்சி வருவாயில் அதே பங்கு உறுதி. ரைன்ஸ்டார்ஃப் தலைமையிலான குழு 1981இல் ஏறத்தாழ இரண்டு கோடி டாலருக்கு வாங்கிய அணியின் மதிப்பு இன்று 200 கோடி டாலர் அளவில் பேசப்படுகிறது. இத்தனைக்கும் 2024 வரை அந்த அணி ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் பெனின்டெண்டியின் ஏழரைக் கோடி டாலர்தான். அதைவிடச் சிறிய ஊர்களின் அணிகள் பத்துக் கோடியைத் தாண்டி எவ்வளவோ காலம் ஆகிறது. 1988இல், புது மைதானம் கட்டித் தராவிட்டால் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டி, இல்லினாய் சட்டமன்றத்தை நள்ளிரவுக் கெடுவில் கடிகாரத்தை நிறுத்திவைத்து வாக்களிக்க வைத்தவர் அவர். பொதுப் பணத்தில் கட்டப்பட்ட அந்த மைதானம் 1991இல் திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இன்னொரு புது மைதானத்துக்குப் பொதுப் பணம் கேட்டு மாநிலத் தலைநகருக்கே நேரில் போனார். அதே ஆண்டில் 121. ரசிகர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது அதனால்தான்.

போதாக்குறைக்கு, இவ்வளவு தோற்றதற்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆறுதல் பரிசும் கிடைக்கவில்லை. மோசமாக ஆடிய அணிகளுக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேர்வுசெய்யும் டிராஃப்டில் முன்னுரிமை உண்டு. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க அதைக் குலுக்கலாக மாற்றி, வருவாய்ப் பகிர்வில் பணம் செலுத்தும் பெரிய நகர அணிகள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து குலுக்கல் இடம் பெறக்கூடாது என்றும் விதி செய்தார்கள். 2024இல் ஐந்தாவது இடம் பெற்றிருந்ததால், 121 தோல்விக்குப் பிறகும் 2025 டிராஃப்டில் வைட் சாக்ஸுக்குப் பத்தாவது இடம்தான். விதி சரியானதே, ஆனால் அதன் தண்டனை ரசிகர் தலையில் இறங்கியது.

ஓக்லண்டு ரசிகர்கள் 2023 ஜூன் 13 அன்று வேறொரு வழியை முயன்றார்கள். அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோகத் துடித்த உரிமையாளர், கூட்டம் வரவில்லை என்பதைக் காரணமாகக் காட்டியபோது, ஓர் இரவில் 27,759 பேர் அரங்குக்குத் திரண்டு வந்து, 'விற்றுவிடு' என்று முழங்கினார்கள். அணி அன்று வெற்றியும் பெற்றது. இருந்தும் அணி ஓக்லண்டை விட்டுப் போய்விட்டது. திரண்டு வந்தாலும் பயனில்லை, வராமல் இருந்தாலும் பயனில்லை என்ற நிலையில் கத்துவதைத் தவிர ரசிகருக்கு மிஞ்சுவது குறைவு.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் அந்த ரசிகர்களோடு உடன்படவில்லை. சீசன் நெடுக இளம் ஆட்டக்காரர்கள்மீது கொட்டப்பட்ட ஏளனம் தகாதது. மேஜர் லீகுக்கு இன்னும் பழுக்காதவர்களை, வேறு ஆளில்லாமல், அன்றாடம் களமிறக்கியது அவர்கள் குற்றமன்று. சாதனை உறுதியான பிறகும்கூட அவர்கள் ஆட்டத்தைக் கைவிடவில்லை. கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்றார்கள். அதை ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

வேறு அணிக்குப் போகலாமே என்கிறீர்கள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருக்கும் மாற்று அணி வடக்குப் பகுதியின் கப்ஸ். அதற்கு மாறுவதைவிட பேஸ்பாலையே விட்டுவிடுவது மேல் என்பார்கள். தவிர, தெற்குப் பகுதிக்காரர்களுக்கு நெடுங்காலக் காத்திருப்பு புதிதில்லை. 1917இல் பட்டம், 1919இல் நடந்த சூதாட்ட ஊழலில் சிக்கி எட்டுப் பேர் பின்னர் ஆயுள் தடை பெற்றார்கள், அடுத்த பட்டம் 2005இல், 88 ஆண்டு கழித்து, ஹூஸ்டனை நான்குக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தி. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாதிரியார் ஒருவர்தான் 2025 மே மாதம் போப் பதினான்காம் லியோ ஆனார். 121 தோல்விக்குப் பிறகு அணிக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான் என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். அந்த 2005ஐத் தந்தவரும் ரைன்ஸ்டார்ஃப்தான் என்பதைக் கோபத்தில் மறப்பவர்களும் உண்டு.

2025இல் புதிய மேனேஜர் வில் வெனபிளின் கீழ் 60 வெற்றி, 102 தோல்வி. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக நூறுக்கு மேல். அதே ஆண்டு ஜூனில், முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவுக்கு அணியின் கட்டுப்பாட்டைக் கைமாற்றுவதற்கான ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2029 முதல் 2033 வரையிலான காலத்தில் விற்பதா வேண்டாமா என்ற உரிமை ரைன்ஸ்டார்ஃபிடமே இருக்கும். 2034 சீசனுக்குப் பிறகே வாங்கும் உரிமை இஷ்பியாவுக்கு வரும். 1936இல் பிறந்தவர் ரைன்ஸ்டார்ஃப். 2024 செப்டம்பரில் அரங்கில் எழுந்த கோஷத்துக்குக் கிடைத்த பதில் இப்போதைக்கு இவ்வளவுதான். 2025க்கும் 2029க்கும் இடையில் மட்டுமே மூன்று முழு சீசன்கள்.